தியோபால்டு ஸ்மித்

தியோபால்டு ஸ்மித் (ஜூலை 31, 1859 – டிசம்பர் 10, 1934) ஒரு புகழ்பெற்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளரும் நோயியலாளரும் ஆவார். மாடுகளைத் தாக்கும் டெக்சாஸ் காய்ச்சல் என்னும் நோய், குருதியின் சிவப்பணுக்களுக்குள் வாழும் ஓர் ஒட்டுண்ணியால் உண்டாகிறது என்பதையும், அவ்வொட்டுண்ணியை ஒரு மாட்டிலிருந்து மற்றொரு மாட்டிற்குக் கொண்டு செல்வது உண்ணியே என்பதையும் 1889 முதல் 1893 வரை நடத்திய ஆய்வுகளால் இவர் நிறுவினார். கணுக்காலி ஒன்று பாலூட்டி விலங்குகளுக்கு ஓரணு ஒட்டுண்ணி நோயைக் கடத்துகிறது என்பது முதன்முதலாக ஆய்வு வழியில் மெய்ப்பிக்கப்பட்டது இப்பணியிலேயே ஆகும். மலேரியா, மஞ்சள் காய்ச்சல் ஆகிய நோய்களைக் கொசு பரப்புகிறது என்ற கண்டுபிடிப்புகள் இதற்குப் பின்னரே வந்தன.

மாட்டுக் காசநோய்க்கும் மனிதக் காசநோய்க்கும் காரணமான நுண்ணுயிர்களை வேறுபடுத்தியது, தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்நச்சு பற்றிய ஆய்வுகள், கன்றுகளுக்குச் சீம்பாலின் தேவையை விளக்கியது ஆகியனவும் இவரது குறிப்பிடத்தக்க பணிகளாகும்.

இளமையும் கல்வியும்

ஸ்மித் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயார்க் மாநிலத் தலைநகரான ஆல்பனியில் பிறந்தார். பெற்றோர் பிலிப் ஷ்மிட், தெரேசியா ஆகிய இருவரும் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். தந்தையார் தையல் தொழில் செய்து வந்தார். வீட்டில் ஜெர்மன் மொழியே பேசப்பட்டது. நுண்ணுயிரியல் துறையின் முதன்மையான நூல்களும் கட்டுரைகளும் அக்காலத்தில் ஜெர்மன் மொழியிலேயே வெளிவந்தன. அவற்றை மொழிபெயர்ப்பின்றிப் படிக்க இயன்றது இவருக்குப் பிற்காலத்தில் பெரிதும் உதவியது.

அரசு உதவித்தொகை பெற்றுக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஸ்மித், 1881-இல் பட்டம் பெற்றார். இசையில் தேர்ச்சி பெற்றிருந்த இவர், அங்குள்ள வழிபாட்டுக் கூடத்தில் ஆர்கன் வாசித்துப் படிப்புச் செலவின் ஒரு பகுதியை ஈடு செய்தார். நுண்ணோக்கியைக் கையாளும் முறையை சைமன் ஹென்றி கேஜ் என்ற ஆசிரியரிடம் கற்றார். பின்னர் ஆல்பனி மருத்துவக் கல்லூரியில் பயின்று 1883-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். எனினும் இவர் மருத்துவராகத் தொழில் செய்யவில்லை. கேஜின் பரிந்துரையால் அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்க வேளாண்மைத் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

வேளாண்மைத் துறையில் பணி

1884-இல் வேளாண்மைத் துறையின் கீழ் கால்நடைத் தொழில் பணியகம் தொடங்கப்பட்டது. கால்நடை மருத்துவரான டேனியல் சால்மன் இதன் தலைவரானார். ஸ்மித் அவரின் கீழ் பணியாற்றினார். நுண்ணுயிர்களை வளர்த்துப் பிரித்தெடுக்கும் முறைகளை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் அப்போதுதான் வகுத்திருந்தார். அவற்றைக் கற்பிக்க அமெரிக்காவில் ஆசிரியர்கள் அரிதாகவே இருந்தனர். ஸ்மித் கோக்கின் கட்டுரைகளைப் படித்துத் தாமே அம்முறைகளைப் பழகிக்கொண்டார்.

முதலில் இவர் பன்றிக் காய்ச்சல் நோயை ஆராய்ந்தார். நோயுற்ற பன்றிகளிலிருந்து 1885-இல் ஒரு பாக்டீரியா பிரித்தெடுக்கப்பட்டது. இதுவே நோய்க்குக் காரணம் என அப்போது கருதப்பட்டது. ஆனால் அந்நோய் ஒரு தீநுண்மத்தால் (வைரசால்) உண்டாகிறது என்பது 1903-ஆம் ஆண்டளவில் தெரியவந்தது. ஸ்மித் கண்ட பாக்டீரியா உண்மையில் ஒரு துணைத் தொற்றே ஆகும். 1900-இல் இப்பாக்டீரியாவின் பேரினத்திற்கு சால்மனின் பெயரால் சால்மொனெல்லா எனப் பெயரிடப்பட்டது. அதனை ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்தவர் ஸ்மித் என்பது குறிப்பிடத்தக்கது.

1886-இல் வெப்பத்தால் கொல்லப்பட்ட நுண்ணுயிர்களைப் புறாக்களுக்கு ஊசி வழியே செலுத்தினால், அவை பின்னர் உயிருள்ள நுண்ணுயிர்களைத் தாங்கி நிற்கின்றன என்று சால்மனும் ஸ்மித்தும் காட்டினர். கொல்லப்பட்ட நுண்ணுயிர்களைக் கொண்டு தடுப்பூசி செய்யலாம் என்ற கருத்திற்கு இது அடிப்படையாக அமைந்தது. அதே ஆண்டில் வாஷிங்டனில் உள்ள கொலம்பியன் பல்கலைக்கழகத்தில் (இன்றைய ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம்) நுண்ணுயிரியல் பாடம் நடத்தத் தொடங்கினார்.

டெக்சாஸ் காய்ச்சல்

நோயின் பின்னணி

டெக்சாஸ் காய்ச்சல் கண்ட மாட்டிற்குக் கடுங்காய்ச்சல் அடிக்கும், தீவனம் எடுக்காது, கறவை வற்றும், சிறுநீர் சிவந்து இறங்கும், கண்ணின் உட்சவ்வு முதலில் வெளுத்துப் பின் மஞ்சளாகும். வளர்ந்த மாடுகளில் பெரும்பாலானவை சில நாட்களில் இறந்துவிடும். இறந்த மாட்டை அறுத்துப் பார்த்தால் மண்ணீரல் பெருத்திருக்கும்.

அமெரிக்காவில் இந்நோய் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. 1796-இல் தென் கரோலினாவிலிருந்து ஓட்டி வரப்பட்ட மாடுகளைத் தொடர்ந்து பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் மாடுகள் இறந்தன. உள்நாட்டுப் போருக்குப் பின் டெக்சாஸ் மாநிலத்து மாட்டு மந்தைகள் பெருமளவில் வடக்கு நோக்கி ஓட்டப்பட்டபோது நோய் பெரிதாகப் பரவியது. 1868-இல் இல்லினாய், இந்தியானா மாநிலங்களில் ஆயிரக்கணக்கான மாடுகள் மடிந்தன. கறவை மாடுகளை நம்பி வாழ்ந்த சிறு உழவர்கள் ஒரே கோடையில் தொழுவம் முழுவதையும் இழந்தனர். தெற்கு மாடுகள் உள்ளே வராதபடி வடக்கு மாநிலங்கள் சட்டம் இயற்றின. சில இடங்களில் உழவர்கள் துப்பாக்கி ஏந்தி வழிமறித்தனர்.

இந்நோயின் போக்கு எவருக்கும் விளங்காத புதிராக இருந்தது.

1. நோயைக் கொண்டு வந்த தெற்கு மாடுகள் நலமாகவே காணப்பட்டன. வடக்கு மாடுகளே இறந்தன.

2. இரு வகை மாடுகளும் நேரில் சந்திக்க வேண்டியதில்லை. தெற்கு மாடுகள் கடந்து சென்ற நிலத்தில் பின்னர் மேய்ந்தாலே போதும், நோய் வந்தது.

3. தெற்கு மாடுகள் வந்த உடனே நோய் தோன்றுவதில்லை. ஏறத்தாழ ஒரு மாதமோ அதற்கு மேலோ கழிந்த பின்னரே தோன்றியது.

4. நோயுற்ற வடக்கு மாட்டிலிருந்து அருகிலுள்ள மற்றொரு வடக்கு மாட்டிற்கு நோய் பொதுவாகப் பரவவில்லை.

5. வடக்கே குளிர்காலம் வந்ததும் நோய் மறைந்தது.

தெற்கு மாடுகளின் மூச்சு, எச்சில், சாணம், சிறுநீர் ஆகியவற்றுள் ஒன்றே நிலத்தை நஞ்சாக்குகிறது என அறிஞர்கள் பலர் கருதினர். மாடு மேய்ப்போரும் பண்ணையாளர்களும் வேறொன்று கூறி வந்தனர். தெற்கு மாடுகளின் தோலில் அப்பிக் கிடக்கும் உண்ணிகளே நோய்க்குக் காரணம் என்பது அவர்களது நம்பிக்கை. கற்றோர் பெரும்பாலும் இதனை அறியாமை எனத் தள்ளினர். ஸ்மித் அவ்வாறு தள்ளவில்லை, ஏற்றுக்கொண்டுவிடவும் இல்லை. அந்நம்பிக்கை உண்மையா என்று சோதிக்கக்கூடிய ஒரு கேள்வியாக அதனைக் கொண்டார்.

குருதியில் காணப்பட்ட ஒட்டுண்ணி

நோயின் முதன்மையான விளைவு சிவப்பணுக்களின் அழிவே என்பதை ஸ்மித் உணர்ந்தார். நோயுற்ற மாடுகளின் குருதியை நாள்தோறும் எடுத்துச் சிவப்பணுக்களை எண்ணினார். சில நாட்களுக்குள்ளேயே எண்ணிக்கை பாதிக்கும் கீழே விழுவதைக் கண்டார். சிறுநீர் சிவப்பதற்குக் காரணம் அதில் குருதி கலப்பதன்று. உடைந்த சிவப்பணுக்களிலிருந்து வெளியேறும் நிறமியே சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது.

சாயமேற்றிய குருதிப் பூச்சுகளில் சிவப்பணுவின் உள்ளே பேரிக்காய் வடிவிலான இரு சிறு உயிரிகள் முனைகள் நெருங்கியவாறு இணையாகக் காணப்பட்டன. இவை பாக்டீரியா அல்ல, ஓரணு விலங்குகள் என இவர் முடிவு செய்தார். இரட்டையாகக் காணப்பட்டதால் பைரோசோமா பைஜெமினம் எனப் பெயரிட்டார். பைரோசோமா என்னும் பெயர் ஏற்கனவே கடல் உயிரி ஒன்றிற்கு வழங்கி வந்ததால் 1895-இல் பைரோபிளாஸ்மா என மாற்றப்பட்டது. ருமேனியாவில் 1888-இல் மாட்டுக் குருதியில் இத்தகைய உயிரிகளைக் கண்டு எழுதிய விக்டர் பாபேஸ் என்பவரின் நினைவாகப் பேரினத்தின் பெயர் பாபேசியா என நிலைபெற்றது. எனவே இவ்வொட்டுண்ணி இன்று பாபேசியா பைஜெமினா என்றும், நோய் பாபேசியோசிஸ் என்றும் அழைக்கப்படுகின்றன. டெக்சாஸ் காய்ச்சலில் பாபேசியா போவிஸ் என்ற நெருங்கிய இனத்திற்கும் பங்கு உண்டு என்பது பின்னாளில் அறியப்பட்டது.

மேய்ச்சல் நில ஆய்வுகள்

ஒட்டுண்ணியைக் கண்டதோடு பணி முடியவில்லை. அது எவ்வாறு ஒரு மாட்டிலிருந்து மற்றொன்றிற்குச் செல்கிறது என்பதே அடுத்த கேள்வி. வாஷிங்டன் நகரின் புறத்தே பணியகத்திற்குச் சொந்தமான ஆய்வுப் பண்ணை ஒன்று இருந்தது. அதன் பொறுப்பாளர் பிரெட் லூசியஸ் கில்போர்ன் என்ற கால்நடை மருத்துவர். உண்ணியின் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்தவர் கூப்பர் கர்ட்டிஸ். மூவரும் கார்னெலில் பயின்றவர்கள்.

1889 ஜூன் இறுதியில் வட கரோலினாவிலிருந்து 7 மாடுகள் கொண்டுவரப்பட்டன. அவை நலமாக இருந்தன. உடலெங்கும் உண்ணிகள் இருந்தன. வேலியிட்ட ஒரு நிலத்தில் அவற்றுள் சிலவற்றை உண்ணிகளோடு அப்படியே விட்டு, வடக்கு மாடுகளையும் உடன் மேய விட்டனர். மற்ற தெற்கு மாடுகளின் உடலிலிருந்து உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கி எடுத்த பின், அவற்றை வேறொரு நிலத்தில் வடக்கு மாடுகளுடன் விட்டனர். கோடை வெயிலில் நாள்தோறும் மாடுகளைப் பிடித்து, புதிதாகத் தென்படும் உண்ணிகளையும் அகற்ற வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் முதல் நிலத்து வடக்கு மாடுகள் காய்ச்சல் கண்டு விழத் தொடங்கின. அவற்றின் சிவப்பணுக்களில் இரட்டை ஒட்டுண்ணிகள் காணப்பட்டன. இரண்டாம் நிலத்து வடக்கு மாடுகள் தெற்கு மாடுகளுடன் ஒன்றாக மேய்ந்து நலமாகவே இருந்தன. தெற்கு மாட்டின் மூச்சும் சாணமும் சிறுநீரும் இரு நிலங்களிலும் இருந்தன. உண்ணி ஒரு நிலத்தில் மட்டுமே இருந்தது.

அடுத்து, தெற்கு மாடுகளே இல்லாத ஒரு நிலத்தில், தெற்கிலிருந்து சேகரித்து வந்த உண்ணிகளை மட்டும் தூவினர். அங்கு மேய்ந்த வடக்கு மாடுகளுக்கும் நோய் வந்தது. உண்ணிகளைத் தீவனத்துடன் கலந்து ஊட்டியபோது நோய் வரவில்லை. ஆகவே நோய் வாய் வழியே செல்வதன்று என்பதும் தெளிவாயிற்று.

உண்ணிக் குஞ்சுகள்

இவ்வாய்வுகளில் எதிர்பாராத முடிவு 1890-இல் கிடைத்தது. மாட்டின் மேல் குருதி குடித்து உப்பிய பெண் உண்ணிகள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கலங்களில் வைக்கப்பட்டன. அவை முட்டையிட்டு இறந்தன. முட்டைகளிலிருந்து கடுகினும் சிறிய குஞ்சுகள் வெளிவந்தன. எந்த மாட்டின் குருதியையும் சுவைத்திராத இக்குஞ்சுகளை, கொட்டிலில் தனியே கட்டப்பட்டிருந்த வடக்கு மாட்டின் மேல் விட்டனர். அம்மாட்டிற்கு டெக்சாஸ் காய்ச்சல் வந்தது.

ஆகவே ஒட்டுண்ணி தாய் உண்ணியின் உடலிலிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறை உண்ணிக்குச் செல்கிறது என்பது தெரிந்தது. இது முட்டைவழிக் கடத்தல் எனப்படும். இதனை உடனே நம்ப ஸ்மித் ஆயத்தமாக இல்லை. அடுத்தடுத்த கோடைகளில் வெவ்வேறு மாடுகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் செய்து பார்த்த பின்னரே ஏற்றுக்கொண்டார். ராபர்ட் கோக் 1897–98 காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் இம்முடிவை உறுதிப்படுத்தினார்.

புதிர்களுக்கான விடை

இந்நோயைக் கடத்தும் உண்ணி ஓர் ஓம்புயிர் உண்ணியாகும். அதாவது குஞ்சுப் பருவம் முதல் முதிர்ச்சி வரை ஒரே மாட்டின் மேல் ஏறத்தாழ மூன்று வாரங்கள் வாழ்ந்து, பின் நிலத்தில் விழுந்து ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. முட்டை பொரிக்கக் கோடையில் மேலும் சில வாரங்கள் ஆகும். பொரித்த குஞ்சுகள் புல் நுனியில் ஏறி அடுத்த மாட்டிற்காகக் காத்திருக்கும். கர்ட்டிஸ் விளக்கிய இவ்வாழ்க்கைச் சுழற்சியை ஸ்மித்தின் முடிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது பழைய புதிர்கள் ஒவ்வொன்றும் அவிழ்ந்தன.

நோய் ஒரு மாதத்திற்கு மேல் தாமதிப்பது முட்டையிட்டுப் பொரிக்கும் காலமே. நிலம் நஞ்சாவது போலத் தோன்றியது புல்லில் குஞ்சுகள் காத்திருப்பதாலே. நோயுற்ற மாட்டிலிருந்து நேராக நோய் பரவாததற்குக் காரணம், அடுத்த தலைமுறை உண்ணி பிறந்தாலன்றி ஒட்டுண்ணி இடம் மாறாது என்பதே. வடக்கின் பனியில் உண்ணிகள் மடிவதால் குளிர்காலத்தில் நோய் நின்றது.

தெற்கு மாடுகள் ஏன் நலமாக இருந்தன என்பதற்கும் ஸ்மித் விடை கண்டார். அங்கே கன்றுகள் பிறந்த சில வாரங்களிலேயே உண்ணிக் கடிக்கு ஆளாகின்றன. இளங்கன்றுகளில் நோய் மிதமாகவே வந்து போகும். அதன் பின் அவை நோயைத் தாங்கும் வலிமை பெறுகின்றன. ஆயினும் ஒட்டுண்ணி அவற்றின் குருதியில் மிகச் சிறு அளவில் தங்கியிருக்கும். நலமாகத் தோன்றும் தெற்கு மாட்டின் குருதியை வடக்கு மாட்டிற்கு ஊசி வழியே செலுத்தி நோயை உண்டாக்கி இதனை இவர் காட்டினார். நோயற்ற தோற்றமுடைய ஓர் உயிர் நோயைச் சுமந்து திரியக்கூடும் என்ற இக்கருத்து பின்னர் மனித நோய்களிலும் முதன்மை பெற்றது.

1893 அறிக்கை

நான்கு கோடைகளின் ஆய்வு முடிவுகள் 1893-இல் கால்நடைத் தொழில் பணியகத்தின் முதல் வெளியீடாக, 300 பக்க அளவில் வெளிவந்தன. ஆசிரியர்களாக ஸ்மித், கில்போர்ன் ஆகிய இருவர் பெயர்கள் இடம்பெற்றன. உண்ணியின் வாழ்க்கையை ஆராய்ந்த கர்ட்டிஸ் தமது முடிவுகளைத் தனியே வெளியிட்டிருந்தார். பணியகத்தின் தலைவரான சால்மனும் ஆய்வில் தமக்குப் பங்கு உண்டு எனக் கருதினார். இக்கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு எவ்வளவு உரியது என்பது பற்றிப் பிற்காலத்தில் வாதங்கள் எழுந்தன. ஒட்டுண்ணியைக் கண்டதும், ஆய்வுகளைக் கோவைப்படுத்தி முடிவுகளை எழுதியதும் ஸ்மித்தின் பணி என்பது பொதுவாக ஏற்கப்படுகிறது. எனினும் பண்ணையில் ஆய்வுகளை நடத்திய கில்போர்னும், உண்ணியை அறிந்திருந்த கர்ட்டிசும் இன்றி இப்பணி முழுமை பெற்றிராது. வரலாற்று நூல்களில் கர்ட்டிசின் பெயர் நெடுங்காலம் அரிதாகவே குறிப்பிடப்பட்டது.

அறிக்கையில் ஒரு பிழையும் இருந்தது. சில மாடுகளின் சிவப்பணுக்களின் ஓரத்தில் மிக நுண்ணிய புள்ளிகளை ஸ்மித் கண்டார். அவற்றையும் அதே ஒட்டுண்ணியின் ஒரு பருவம் எனக் கருதினார். தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து நாட்டவரான ஆர்னால்டு தைலர், அப்புள்ளிகள் தனியான வேறொரு நோயை உண்டாக்கும் உயிரி என 1910-இல் காட்டி, அனபிளாஸ்மா மார்ஜினேல் எனப் பெயரிட்டார். இதுவும் உண்ணிகளால் பரவக்கூடியதே. உண்ணியின் உடலுக்குள் ஒட்டுண்ணி அடையும் பருவங்களையும் ஸ்மித்தால் காண இயலவில்லை.

விளைவுகள்

உண்ணியை ஒழித்தால் நோய் ஒழியும் என்பதே அறிக்கையின் நடைமுறைப் பயன். 1906-இல் அமெரிக்க நடுவண் அரசும் தெற்கு மாநிலங்களும் இணைந்து உண்ணி ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கின. ஆர்செனிக் கலந்த நீர் நிரப்பிய நீண்ட தொட்டிகளில் மாடுகளைக் குறித்த இடைவெளியில் இறக்கி நீந்தச் செய்தனர். இத்திட்டம் எளிதில் நிறைவேறவில்லை. ஓரிரு மாடுகள் மட்டுமே வைத்திருந்த ஏழை உழவர்களுக்கு, அவற்றை அடிக்கடி தொட்டிக்கு ஓட்டிச் செல்வது பெருஞ்சுமையாக இருந்தது. தங்கள் மாடுகள் நோயைத் தாங்கும் வலிமை பெற்றிருந்ததால் இதனால் தங்களுக்குப் பயனில்லை எனவும் பலர் எண்ணினர். சில இடங்களில் தொட்டிகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. ஆயினும் பணி தொடர்ந்து நடந்து, 1943-இல் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஒரு பட்டை நீங்கலாக நாடு முழுவதும் இவ்வுண்ணி ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தின் அவ்வெல்லைப் பட்டையில் குதிரை மீது சென்று மாடுகளைச் சோதிக்கும் காவல் இன்றும் உள்ளது.

உலகின் பிற வெப்பப் பகுதிகளில் நோய் நீங்கவில்லை. இந்தியாவிலும் பாபேசியா, அனபிளாஸ்மா, தைலேரியா ஆகிய உண்ணிவழிக் குருதி நோய்கள் காணப்படுகின்றன. நாட்டு மாடுகள் இவற்றை ஓரளவு தாங்குகின்றன. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் போன்ற அயல்நாட்டு இனங்களும் அவற்றின் கலப்பினக் கறவை மாடுகளும் எளிதில் பாதிக்கப்படுகின்றன. டெக்சாஸ் மாட்டிற்கும் வடக்கு மாட்டிற்கும் இடையே ஸ்மித் கண்ட வேறுபாட்டை இது நினைவூட்டுகிறது. டைமினசீன், இமிடோகார்ப் போன்ற மருந்துகள் இன்று பாபேசியோசிஸுக்குப் பயன்படுகின்றன.

ஹார்வர்டில் பணி

1895-இல் ஸ்மித் அரசுப் பணியிலிருந்து விலகி, மாசசூசெட்ஸ் மாநில நலவாரியத்தின் எதிர்நச்சு ஆய்வுக்கூடத்தின் பொறுப்பேற்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் அமர்ந்து, 1896 முதல் ஒப்பீட்டு நோயியல் துறைக்குத் தலைமை தாங்கினார்.

காசநோய்

மாட்டிலும் மனிதரிலும் காசநோயை உண்டாக்குவது ஒரே நுண்ணுயிர் என அக்காலத்தில் நம்பப்பட்டது. இரண்டும் வளரும் முறையிலும், வடிவிலும், முயல்களைத் தாக்கும் வன்மையிலும் வேறுபடுகின்றன என ஸ்மித் 1898-இல் விரிவாக வெளியிட்டார். 1901-இல் இலண்டனில் நடந்த காசநோய் மாநாட்டில் கோக் இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டு, மாட்டுக் காசநோயால் மனிதருக்கு ஆபத்து மிகக் குறைவு என்று கூறினார். ஆனால் இவ்வேறுபாட்டிலிருந்து அத்தகைய முடிவிற்கு வர முடியாது. மாட்டு வகை நுண்ணுயிர் பால் வழியாகக் குழந்தைகளைத் தாக்குகிறது என்பது பின்னர் உறுதியானது. பாலைக் காய்ச்சியோ பாஸ்டர் முறையில் சூடாக்கியோ பயன்படுத்துவதற்கும், கறவை மாடுகளைக் காசநோய்க்குச் சோதிப்பதற்கும் இவ்வாய்வுகள் வழிவகுத்தன.

எதிர்நச்சும் ஒவ்வாமையும்

தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்நச்சு குதிரைகளின் குருதியிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் வலிமையை அளக்கக் கினி எலிகள் பயன்பட்டன. ஒருமுறை பயன்படுத்திய கினி எலிகளுக்குச் சில வாரங்கள் கழித்து மீண்டும் ஊசி போட்டால், அவை திடீரென இறப்பதை ஸ்மித் கண்டார். இதனை இவர் தாமே வெளியிடாமல் ஜெர்மானிய அறிஞர் பவுல் எர்லிச்சிடம் தெரிவித்தார். எர்லிச்சின் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஓட்டோ இதனை ஆராய்ந்து, தியோபால்டு ஸ்மித் நிகழ்வு என்ற பெயரில் வெளியிட்டார். இது கடும் ஒவ்வாமை பற்றிய ஆய்வுகளுள் முதன்மையான ஒன்றாகும்.

நச்சையும் எதிர்நச்சையும் உரிய அளவில் கலந்து செலுத்தினால் நீடித்த நோய் எதிர்ப்பு உண்டாகிறது என்றும் இவர் விலங்குகளில் காட்டி, மனிதருக்கும் இம்முறை பயன்படக்கூடும் என 1909-இல் எடுத்துரைத்தார். 1913-இல் எமில் வான் பேரிங் இம்முறையைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்.

பிரின்ஸ்டனில் பணி

நியூயார்க்கில் 1901-இல் நிறுவப்பட்ட ராக்பெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு முதலில் ஸ்மித்திற்கே வழங்க முன்வரப்பட்டது. இவர் அதனை ஏற்கவில்லை. சைமன் பிளெக்ஸ்னர் அப்பொறுப்பை ஏற்றார். பின்னர் அந்நிறுவனம் விலங்கு நோயியலுக்கெனத் தனித் துறை ஒன்றை பிரின்ஸ்டனில் தொடங்கியபோது, 1915-இல் ஸ்மித் அதன் இயக்குநராக இணைந்தார். 1929-இல் ஓய்வு பெறும் வரை அப்பொறுப்பில் இருந்தார்.

இக்காலத்தில் பசுக்களில் கருச்சிதைவை உண்டாக்கும் ஒரு வளைந்த பாக்டீரியாவை ஆராய்ந்தார். இன்று அது கேம்பைலோபாக்டர் பீட்டஸ் என அழைக்கப்படுகிறது. 1922-இல் ரால்ப் லிட்டில் என்பவருடன் சேர்ந்து சீம்பால் பற்றிய ஆய்வை வெளியிட்டார். பிறந்த உடன் சீம்பால் குடித்த கன்றுகள் பிழைத்தன. சீம்பால் தரப்படாத கன்றுகளில் பெரும்பாலானவை குடல் பாக்டீரியா குருதியில் பரவி இறந்தன. தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் சீம்பால் வழியாகவே கன்றைச் சேர்கின்றன என்பது இதனால் விளங்கியது. சீம்பாலைக் கன்றுக்கு முதலில் ஊட்ட வேண்டும் எனக் கால்நடை மருத்துவர்கள் இன்று வற்புறுத்துவதற்கு இது அடிப்படையாகும்.

ஒட்டுண்ணி வாழ்க்கை பற்றிய கருத்து

நோய் என்பது ஒட்டுண்ணிக்கும் அதனைத் தாங்கும் ஓம்புயிருக்கும் இடையே உள்ள சமநிலை குலைவதால் விளைவது என ஸ்மித் கருதினார். தன் ஓம்புயிரை விரைந்து கொல்லும் ஒட்டுண்ணி தன் வாழ்விடத்தையும் இழக்கிறது. நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்த இரு உயிர்களும் ஒன்றையொன்று தாங்கப் பழகுகின்றன. தெற்கு மாடும் பாபேசியாவும் இதற்கு எடுத்துக்காட்டு. மனிதர்கள் மாடுகளை இடம் பெயர்த்தபோதே, அங்கு அடங்கியிருந்த தொற்று இங்கு கொள்ளை நோயாக மாறியது. இக்கருத்துகளை 1933-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில் தொகுத்தார். அவை ஒட்டுண்ணி வாழ்வும் நோயும் என்னும் பொருளுடைய தலைப்பில் 1934-இல் நூலாக வெளிவந்தன.

தனி வாழ்க்கையும் மறைவும்

ஸ்மித் 1888-இல் லிலியன் எகிள்ஸ்டனை மணந்தார். இவர்களுக்கு இரண்டு மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர். அதிகம் பேசாதவராகவும், கண்டவற்றை நாள்தோறும் குறித்து வைப்பவராகவும் இவர் அறியப்பட்டார். பியானோ வாசிப்பதில் ஈடுபாடு கொண்டிருந்தார். கோடை விடுமுறைகளை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் சில்வர் லேக் என்ற ஊரில் கழித்தார். 1934 டிசம்பர் 10 அன்று நியூயார்க்கில் புற்றுநோயால் காலமானார்.

சிறப்புகளும் மதிப்பீடும்

இலண்டன் வேந்தியக் கழகம் 1933-இல் தனது உயரிய விருதான கோப்ளி பதக்கத்தை ஸ்மித்திற்கு வழங்கியது. நோபல் பரிசு இவருக்குக் கிடைக்கவில்லை. பால் டி கிரைப் 1926-இல் எழுதிய நுண்ணுயிர் வேட்டையர்கள் பற்றிய புகழ்பெற்ற ஆங்கில நூலில் இவருக்கென ஓர் இயல் ஒதுக்கப்பட்டுள்ளது.

யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடலுக்குள் வளர்ச்சி அடைவதை பேட்ரிக் மேன்சன் 1877-இல் சீனாவில் கண்டிருந்தார். எனினும் கடிக்கும் உயிரி ஒன்று நோயைக் கடத்துகிறது என்பதை, அது இருந்தால் நோய் வருவதையும் இல்லாவிட்டால் வராததையும் அருகருகே வைத்துக் காட்டியது 1893 அறிக்கையே. அதன் பின் 1897-இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் உடலில் கண்டார். 1900-இல் கியூபாவில் வால்டர் ரீடு குழுவினர் மஞ்சள் காய்ச்சலைக் கொசு கடத்துவதை நிறுவினர். மனித மருத்துவத்திற்கு வழிகாட்டிய இக்கண்டுபிடிப்பு, மாடு மேய்ப்போரின் ஒரு சொல்லைத் தள்ளாமல் சோதித்துப் பார்த்ததால் கிடைத்ததாகும்.